வன்னியில் சல்லடையும் கம்பிவலையும்

சல்லடை என்பது பருமன் வேறுபாட்டைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கும் கருவி. வீட்டில் மா அரிக்கும் அரிதட்டும், கல் ஆலையில் அதிரும் கனத்த கம்பிவலையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் இக்கருவியின் வரலாறு நெல்லோடு தொடங்குகிறது. கருங்கல்லும் உப்பும் பின்னர் சேர்ந்துகொண்டன.

மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தில் நெல்லைத் துப்புரவாக்கியவை காற்றும் சுளகும்தான். பதர் பறந்துவிடும், மண்ணைச் சுளகு பார்த்துக்கொள்ளும். வீட்டுத் தேவைக்கு அது போதும். இரணைமடுக் குளம் 1920இல் கட்டி முடிக்கப்பட்டு, 1930களில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கியபின் கிளிநொச்சி நெல் விளையும் நகரமாக வளர்ந்தது. குத்தரிசியின் இடத்தை ஆலை அரிசி பிடித்தது. மூட்டை மூட்டையாக வந்து குவியும் நெல்லுக்குச் சுளகு ஈடுகொடுக்காது.

ஆலையின் முதற் கருவி இரட்டைத் தட்டுச் சல்லடை. மேல்தட்டில் வைக்கோலும் கட்டியும் நின்றுவிட, நெல் கீழே விழும். கீழ்த்தட்டில் மணலும் களை விதையும் விழ, நெல் நிற்கும். இத்தட்டுகள் பெரும்பாலும் நெய்த வலையல்ல, துளையிட்ட தகடு. வட்டத் துளை மணியின் அகலத்தை அளக்கிறது. நீளத் துளை அதன் தடிப்பை அளக்கிறது. ஆகவே உருண்டைச் சம்பாவுக்குப் பொருந்திய தட்டு நீண்ட மணியுள்ள நாட்டு நெல்லுக்குப் பொருந்தும் என்று நம்பக்கூடாது. நெல் மாறும்போது தட்டையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் நல்ல நெல் கழிவோடு போகும், அல்லது கழிவு அரிசியோடு வரும்.

சல்லடையால் முடியாத காரியமும் உண்டு. காலபோக அறுவடை முடிந்ததும் தார் வீதியோரங்களில் நெல் காயப்போடுவது வன்னியில் வழக்கமான காட்சி. அங்கே நெல்லோடு சேர்கிற சிறுகல் நெல்மணியின் பருமனிலேயே இருக்கும். எந்தக் கண்ணுள்ள வலையும் அதைப் பிரிக்காது. கல்லின் பாரத்தைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும்: சரிந்த தட்டு அதிர, கீழிருந்து காற்று ஊத, இலேசான நெல் மிதந்து கீழ்நோக்கி வழியும்; பாரமான கல் தட்டோடு ஒட்டி மேலேறும். சோற்றில் கல் கடிபட்டால் சல்லடையைக் குறை சொல்வது நியாயமல்ல.

நெய்த கம்பிவலைக்கு உலகப் பொது அளவுமுறை வந்தது அண்மைக்காலத்தில்தான். அடுத்தடுத்த சல்லடைகளின் கண் அளவு இரண்டின் வர்க்கமூல விகிதத்தில் குறைய வேண்டும் என்று ஆஸ்திரியச் சுரங்கப் பொறியியலாளர் ரிட்டிங்கர் 1867இல் முன்மொழிந்தார். அதாவது ஒவ்வொரு கண்ணின் பரப்பும் அடுத்ததைப்போல் இருமடங்கு. அமெரிக்காவின் டைலர் நிறுவனம் அவ்விகிதத்தைத் தன் அளவு வரிசையில் கையாண்டு பரவலாக்கியது. மெஷ் எண் என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்ற எண்ணிக்கை.

வாங்குபவர் ஏமாறுவதும் இந்த எண்ணில்தான். 10 மெஷ் வலையில் ஒரு கண்ணுக்கும் ஒரு கம்பிக்குமாகக் கிடைக்கும் இடம் 2.54 மில்லிமீற்றர். கம்பி 0.5 மி.மீ. தடிப்பானால் கண் 2.04 மி.மீ.; கம்பி 0.9 மி.மீ. ஆனால் கண் 1.64 மி.மீ. தான். இரண்டும் 10 மெஷ்தான். முதல் வலையின் பரப்பில் 65 வீதம் திறப்பு. இரண்டாவதில் 42 வீதம் மட்டுமே. மெல்லிய கம்பி வேகமாகச் சலிக்கும், சீக்கிரம் தேய்ந்து அறும். தடித்த கம்பி நெடுநாள் உழைக்கும், ஆனால் பொருள் மேலே தேங்கும். எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பதே வலைத் தெரிவு.

வவுனியாவின் கருங்கல் ஆலைகளில் தேய்மானமே முதற் கவலை. புவியியலாளர் வன்னித் தொகுதி என்று அழைக்கும் பழம்பாறைகள் இம்மாவட்டத்தின் அடித்தளம். வடக்கே கிளிநொச்சிப் பக்கம் சுண்ணக்கல்லும் மணலுமான படிவ நிலம். வீட்டுக்கும் வீதிக்குமான கருங்கல் ஆகவே தெற்கிலிருந்துதான் வரவேண்டும். 2009இல் போர் முடிந்து மீள்குடியேற்றமும் வீதி வேலையும் தொடங்கியபோது இக்கல்லுக்குத் தேவை கூடியது. கல் உடைத்த பின் முக்கால் அங்குலக் கல், சல்லி, தூள் என்று பிரிப்பது சரிவாகப் பொருத்திய அதிர்வுச் சல்லடை. அதற்குக் காபன் கூடிய கடின உருக்குக் கம்பியை முன்கூட்டியே நெளித்து நெய்த வலை வேண்டும். நெளிவு இல்லையேல் கம்பி நகர்ந்து கண் விரியும். சரிவில் விழும் கல்லுக்குக் கண் தன் உண்மை அளவைவிடச் சிறியதாகவே அமைவதால், வேண்டிய கல்லின் அளவைவிடச் சற்றுப் பெரிய கண்ணையே போடுவார்கள். மாரியில் ஈரத் தூள் கண்ணை அடைப்பது தனித் தலையிடி.

மேசன்மார் சாய்த்து நிறுத்தும் மணல் வலையும் இதே குடும்பம். மண்வெட்டியால் எறியும் மணலில் நயமானது பின்னால் விழ, கல்லும் சிப்பியும் முன்னால் உருளும். கொங்கிறீற்று மணலுக்கு ஏறத்தாழ 5 மி.மீ. கண் போதும்; பூச்சு மணலுக்கு அதைவிட நயமான வலை வேண்டும்.

உப்பு வேறு கதை. ஆனையிறவு உப்பளம் போருக்கு முன் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் தந்தது. 1950களில் எழுந்த அத்தொழிற்சாலை உப்பு நீரை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் தயாரித்தது. மின்பகுப்புக்குப் போகும் உப்பு நீரில் கல்சியமும் மக்னீசியமும் வீழ்படிவாக்கி வடிக்கப்பட வேண்டும். ஆக, அந்தத் தொழிலும் வடிகட்டலை நம்பியதே. 1980களின் நடுவில் உற்பத்தி நின்றது. போரில் கட்டடமும் அழிந்தது. ஆனையிறவில் 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உப்பு படும் இடத்தில் சாதாரண இரும்பு வலை நிற்காது. கல்வனைஸ் பூச்சும் அதிக நாள் தாங்காது. கறையில் உருக்கிலும் 304 வகையில் குளோரைட்டு பொட்டுப் பொட்டாகக் குழி விழுத்தும். 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்ந்த 316 வகையே பொருத்தம். விலை கூடியதென்று பின்வாங்குபவர், அறுந்த கம்பித் துண்டு உணவு உப்பில் கலந்தால் வரும் செலவையும் கணக்கிட வேண்டும்.

முல்லைத்தீவின் தென்கோடியான கொக்கிளாயிலும், மாவட்ட எல்லைக்கு அப்பாலுள்ள புல்மோட்டையிலும் கடற்கரை மணல் கறுப்பாக இருப்பதற்கு இல்மனைட்டே காரணம். புல்மோட்டை மணலை எடுக்க 1957இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இங்கு சல்லடையின் வேலை சிப்பி, வேர், குப்பை நீக்குவதோடு முடிகிறது. இல்மனைட்டு, உரூட்டைல், சேர்க்கோன் மணிகள் ஏறத்தாழ ஒரே பருமனானவை. அவற்றைப் பிரிப்பவை அடர்த்தி, காந்தம், மின்புலம்.

நெல்லோ கல்லோ உப்போ, வலை வாங்கப் போகிறவர் மெஷ் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்க வேண்டாம். கண் எத்தனை மில்லிமீற்றர், கம்பி எத்தனை மில்லிமீற்றர், எந்த உலோகம் என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். வலை கைக்கு வந்ததும் கம்பியை அளந்து பாருங்கள்.