அரை அங்குலமும் ஓர் உத்தியோகமும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிறு மாலை, யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பதினாறு வயது. ஒவ்வொரு நாளும் பள்ளிவிட்டு வந்ததும் மாமரக் கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறானாம். அப்படித் தொங்கினால் உயரம் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுகநலம் விசாரித்து முடிந்ததும், தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, கட்டை ஆக்கள் பெரிய உத்தியோகத்துக்கு வரேலாதோ?"

"அப்படியெல்லாம் இல்லையடா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பத்திரிகைத் தொழிலில் இத்தனை ஆண்டுகளைக் கழித்தவன், ஆதாரம் இல்லாமல் ஒரு வசனம் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல் அன்றிரவு முழுவதும் இருந்தது. அந்த உறுத்தலுக்கு வேறொரு காரணமும் உண்டு. அதே கேள்வியை நானும் ஒருநாள் சுமந்து திரிந்திருக்கிறேன்.

1990களின் நடுப்பகுதி. கலைப்பட்டதாரியாகப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறி, வேலையின்றி இருந்த காலம். வர்த்தமானியில் வெளிவந்த ஓர் அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பித்தேன். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். சான்றிதழ்களைக் கோவையில் அடுக்கிக்கொண்டு, இரவல் வாங்கிய சப்பாத்துகளுடன் போய் நின்றேன். அங்கே முதலில் பார்க்கப்பட்டது கோவை அல்ல. சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னார்கள். சுவரில் அளவுகோடுகள் வரையப்பட்டிருந்தன. முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். அளந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, "அரை அங்குலம் குறைவு" என்றார். கோவை திறக்கப்படவே இல்லை. நான்கு ஆண்டுப் படிப்பை அரை அங்குலம் வென்றுவிட்டது.

பின்னர் பத்திரிகைக்கு வந்தேன். ஆசிரியபீடத்தில் எவரும் என்னை அளக்கவில்லை. ஆயினும் உயரமானவன் வாழ்க்கையில் உயர்கிறானா என்ற கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. வரலாறு இதற்கு என்ன விடை சொல்கிறது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் நம் மொழியையே எடுத்துக்கொள்வோம். தொழிலில் முன்னேறுவதைப் 'பதவி உயர்வு' என்கிறோம். நம்மை ஏவுபவர் 'மேலதிகாரி', அவருக்கும் மேலே இருப்பவர் 'உயரதிகாரி'. பண்புள்ளவரை 'உயர்ந்த மனிதர்' என்கிறோம். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறோம். மறுபுறத்தில், மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பதும் நம் பழமொழிதான். தமிழுக்கு இலக்கணம் செய்தவராக மரபு போற்றும் அகத்தியர் குறுமுனி. உருவத்தைக் கண்டு இகழக்கூடாது என்பதற்கு வள்ளுவர் காட்டிய உவமை தேரின் சிறிய அச்சாணி. இரண்டு பக்கமும் பேசி வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. ஆனால் கந்தோர்ச் சுவர் ஒரு பக்கத்தை மட்டுமே பேசுகிறது.

உயரத்தையே உத்தியோகத் தகுதியாக்கியவர்களில் தலையாயவன் பிரஷ்யாவின் மன்னன் முதலாம் பிரெடரிக் வில்லியம். 1713 முதல் 1740 வரை ஆண்டவன். போட்ஸ்டாமில் அவன் ஒரு படைப்பிரிவை வைத்திருந்தான். அதில் சேர்வதற்கு ஏறத்தாழ 188 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். வீரமோ பயிற்சியோ பிறகுதான். ஐரோப்பா முழுவதிலும் ஆட்களைத் தேடினான். சம்பளத்தை அள்ளிக் கொடுத்தான். வர மறுத்தவர்களைக் கடத்திக்கொண்டு வரவும் அவனது முகவர்கள் தயங்கவில்லை. ரஷ்யாவின் மகா பீற்றருக்குப் புகழ்பெற்ற அம்பர் அறையை 1716இல் பரிசளித்தான். பதிலுக்கு ரஷ்யாவிலிருந்து உயரமான படைவீரர்கள் வந்து சேர்ந்தார்கள். இத்தனைக்கும் மன்னனின் சொந்த உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் அளவில்தான்!

அக்காலத் துப்பாக்கிகளின் குழல் நீளமானது. வாய்ப்பக்கத்தால் மருந்தும் குண்டும் இட்டு இடிக்க வேண்டும். நீண்ட கையுள்ளவனுக்கு அது சற்று எளிது என்று ஒரு நியாயம் சொல்லப்பட்டது. ஆனால் அந்த நெடியவர்கள் பெரும்பாலும் அணிவகுப்புக்கும் காட்சிக்குமே பயன்பட்டார்கள். தப்பியோடியவர்களும் பலர். 1740இல் அரியணை ஏறிய மகன் இரண்டாம் பிரெடரிக், தந்தையின் செல்லப் படைப்பிரிவைக் கலைத்துவிட்டான். சாதாரண உயரமுள்ள படையினரைக் கொண்டே சைலீசியாவைக் கைப்பற்றினான். 'மகா பிரெடரிக்' என்று வரலாறு அழைப்பது அந்த மகனைத்தான்.

உயரம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் பெயர் நெப்போலியன். குள்ளமாகப் பிறந்த தாழ்வுணர்ச்சியால்தான் அவன் உலகையே பிடிக்கப் புறப்பட்டான் என்று நம் பாடசாலை ஆசிரியர்கள்கூடச் சொல்லியிருக்கிறார்கள். உண்மை வேறு. பிரெஞ்சு அளவையில் அவனது உயரம் ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிட நீளமானது. மாற்றிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 168 சென்ரிமீற்றர், அதாவது ஆங்கில அளவையில் ஐந்தடி ஆறு அங்குலம். அக்காலப் பிரெஞ்சுக்காரரிடையே அவன் சராசரிக்குக் குறைந்தவன் அல்லன். அவனைக் குள்ளனாக்கியதில் பெரும்பங்கு இலண்டனில் இருந்த கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரேயினுடையது. பெரிய தொப்பிக்கும் நீண்ட வாளுக்கும் இடையில் காலை உதைத்துக் கத்தும் சிறுபையனாக நெப்போலியனை அவர் வரைந்து தள்ளினார். எதிரியின் தூரிகை வரைந்த உயரம் இரண்டு நூற்றாண்டுகளாக உண்மையாக நின்றுவிட்டது. ஒருவரைச் சிறுமைப்படுத்த எளிய வழி அவரைக் குள்ளராகக் காட்டுவது என்பதை எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள்.

என் மனதைத் தொட்ட வரலாறு இன்னொன்று. 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது பிரித்தானிய இராணுவத்தில் சேர ஐந்தடி மூன்று அங்குலம் தேவைப்பட்டது. சுரங்கங்களில் நிலக்கரி வெட்டி உரமேறிய உடல்கொண்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், ஓர் அங்குலத்துக்காகவும் இரண்டு அங்குலத்துக்காகவும் திருப்பியனுப்பப்பட்டார்கள். இப்படிப் பல இடங்களில் நிராகரிக்கப்பட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி பேர்க்கன்ஹெட் நகரில், "இங்கே நிற்கும் எவனோடும் மோதிக் காட்டுகிறேன்" என்று சவால் விட்டதாக ஒரு கதை உண்டு. அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் அல்பிரட் பிக்லண்ட் யுத்த அலுவலகத்திடம் அனுமதி பெற்று, ஐந்தடிக்கும் ஐந்தடி மூன்று அங்குலத்துக்கும் இடைப்பட்டவர்களுக்கென்றே பற்றாலியன்களை அமைத்தார். சிறிய சண்டைச் சேவலின் பெயரால் 'பன்ரம்' என்று அவை அழைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது. பின்னர் 35ஆவது, 40ஆவது டிவிஷன்கள் இத்தகைய வீரர்களைக் கொண்டு உருவாயின.

இக்கதையின் பிற்பகுதியையும் சொல்ல வேண்டும். முதலில் சேர்ந்தவர்கள் குள்ளமானாலும் திடகாத்திரமானவர்கள். அவர்கள் போரில் மடிய, அடுத்து வந்தவர்களில் பலர் நகரச் சேரிகளில் பட்டினியோடு வளர்ந்து, எலும்பும் தசையும் முற்றாமல் நின்றுபோன இளைஞர்கள். மருத்துவர்கள் அவர்களை ஒதுக்கினார்கள். 1917இன் தொடக்கத்தில் 35ஆவது டிவிஷன் பன்ரம் என்ற தன்மையையே இழந்தது. இயல்பிலேயே உயரம் குறைந்தவர் வேறு, உணவின்றி வளர்ச்சி குன்றியவர் வேறு. சுவரில் வரைந்த அளவுகோட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இனி உத்தியோகத்துக்கு வருவோம். இவ்விடயத்தைக் கணக்கெடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கரான ஈனொக் கோவின். 1915இல் வெளியான அவரது நூல், பேராயர்கள் சிற்றூர்ப் போதகர்களைவிட உயரமானவர்கள் என்றும், விற்பனை முகாமையாளர்கள் தமக்குக் கீழுள்ள விற்பனையாளர்களைவிட உயரமானவர்கள் என்றும் காட்டியது. 2004இல் திமொதி ஜட்ஜ், டானியல் கேபிள் ஆகிய இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் 8000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். வயது, பால், எடை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னரும், ஒவ்வோர் அங்குல உயரமும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 789 டொலர் கூடுதல் வருமானத்தோடு இணைந்திருந்தது. மல்கம் கிளாட்வெல் 2005இல் வெளியிட்ட நூலில், அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் தலைவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஆறடி இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ என்று எழுதினார். அந்நாட்டு ஆண்களில் அவ்வளவு உயரமானவர்கள் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை.

ஆகவே, நான் மருமகனுக்குச் சொன்னது முழு உண்மை அல்ல. உயரத்துக்கும் முன்னேற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறது. கேட்க வேண்டியது, அது ஏன் இருக்கிறது என்பதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இரண்டு நிறுவனங்கள் பையன்களின் உயரத்தைப் பதிந்து வைத்திருந்தன. ஒன்று, மேட்டுக்குடிப் பிள்ளைகள் படித்த சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரி. மற்றையது, இலண்டனின் ஏழைச் சிறுவர்களைக் கடற்றொழிலுக்கு அனுப்பிய மரீன் சொசைட்டி. ரொடரிக் ஃபிளவுட்டும் அவரது சகாக்களும் இப்பதிவேடுகளை ஒப்பிட்டார்கள். பதினான்கு வயதில் பணக்காரப் பையன் ஏழைப் பையனைவிட ஏறத்தாழ ஆறு அங்குலம் உயரமாக நின்றான். ஒரே நாடு, ஒரே வயது. வித்தியாசம் சோற்றுக் கோப்பையில். அந்த உயரமான பையன்தான் பின்னர் படையதிகாரி ஆனான். அவனை உயர்த்தியது உயரமா, உயரத்தையும் பதவியையும் ஒருங்கே கொடுத்த குடும்பமா?

நம் காலத்து ஆய்வுகளும் இத்திசையையே காட்டுகின்றன. ஆன் கேஸ், கிறிஸ்ரினா பக்ஸன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, கருவிலும் மழலைப் பருவத்திலும் கிடைத்த போஷாக்கே உடலையும் மூளையையும் சேர்த்து வளர்க்கிறது, உயரமானவர்கள் கூடுதலாக உழைப்பதன் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது என்று வாதிட்டது. 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு என் மருமகனுக்கு நேரடியாகப் பொருந்துவது. வளர்ந்தபின் ஒரே உயரமுள்ள இருவரில், பதினாறு வயதில் உயரமாக இருந்தவனே கூடுதலாகச் சம்பாதிக்கிறான் என்று அது கண்டது. அந்த வயதில் குள்ளமான பையன்கள் விளையாட்டிலிருந்தும் மாணவர் மன்றங்களிலிருந்தும் ஒதுங்கிவிடுகிறார்கள். அங்கே கற்க வேண்டியதைக் கற்காமலே போகிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அரசியலில் உயரம் என்ன செய்தது? 1858இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஆறடி நான்கு அங்குல ஆபிரகாம் லிங்கனும் ஐந்தடி நான்கு அங்குல ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் மேடையேறி விவாதித்தார்கள். செனட் ஆசனம் டக்ளஸுக்கே கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் ஜனாதிபதித் தேர்தலில் லிங்கன் அவரை வென்றார். இடையில் எவரது உயரமும் மாறவில்லை. அடிமைமுறைப் பிரச்சினையில் நாடுதான் மாறியிருந்தது.

தமிழகத்தில் 1967ஆம் ஆண்டுத் தேர்தலை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெடிதுயர்ந்த காமராஜரின் கட்சியைத் தோற்கடித்து, உயரம் குறைந்த அண்ணா ஆட்சிக்கு வந்தார். விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் காமராஜர் தாமே தோற்றார். ஆனால் காமராஜரை நான் இங்கு நினைப்பதற்கு வேறு காரணம் உண்டு. 1956இல் அன்றைய சென்னை மாநிலப் பள்ளிகளில் மதிய உணவைத் தொடக்கி வைத்தவர் அவர். ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வரவேண்டும் என்பது அவர் எண்ணம். சான்ட்ஹேர்ஸ்ட் கணக்கை அறிந்தவர்களுக்கு அந்தச் சோறு எத்தனை அங்குலங்கள் என்பது புரியும். இலங்கையில் 1973 முதல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டுவந்த திரிபோஷாவும் அத்தகையதே.

அளவுகோட்டின் முன் தோற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்விடவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சிறைக் காவலர் வேலைக்கு ஐந்தடி இரண்டு அங்குல உயரமும் 120 இறாத்தல் எடையும் வேண்டும் என்று விதி இருந்தது. எடை குறைந்ததால் வேலை மறுக்கப்பட்ட ஓர் இளம்பெண் வழக்குத் தொடுத்தார். 1977இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. அது பெண்களில் நூற்றுக்கு 41 பேரையும் ஆண்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவரையுமே விலக்குகிறது. உடல்வலிமை வேண்டுமென்றால் வலிமையை அளவிடுங்கள் என்பது தீர்ப்பின் சாரம். அன்று அந்தச் சுவரின் முன் நின்றபோது இத்தீர்ப்பு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு பேசாமல் வந்திருப்பேன்.

சென்ற வாரம் மருமகனை நானே அழைத்தேன். அறிந்தவற்றை ஒளிக்காமல் சொன்னேன். சில கதவுகள் உயரம் பார்த்தே திறக்கும், அது அநியாயம், ஆனால் இருக்கிறது என்றேன். மாமரத்தில் தொங்குவதால் பயனில்லை, அந்த நேரத்துக்குக் கரப்பந்தாட்டக் குழுவிலோ விவாதக் குழுவிலோ போய்ச் சேர் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை.

"மாமா, நீங்கள் அந்த உத்தியோகம் கிடைச்சிருந்தால் போயிருப்பியளோ?" என்று கேட்டான்.

போயிருப்பேன் என்றேன். அதுவும் உண்மைதான். பிறகு தொலைபேசியைத் தாயிடம் கொடுக்கச் சொன்னேன். வளரும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டையாவது கொடுக்கிறாயா என்று கேட்டேன். முட்டை விற்கிற விலை உங்களுக்குத் தெரியுமோ அண்ணா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.