ஆணம் என்றால் அன்பு



"உம்மா மீன் ஆணம் ஆக்கினா" என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதினால், 'ஆணம்' கொச்சை, 'குழம்பு' என்று எழுது எனத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படித் திருத்தித் திருத்தியே நமது பிள்ளைகள் வீட்டுச் சொல்லுக்கு வெட்கப்படத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தச் சொல்லின் கதையை எழுத நினைத்தேன்.

ஆணம் கொச்சை அல்ல, நல்ல தமிழ்ச் சொல். அகராதியைப் புரட்டினால் அதற்குக் குழம்பு என்ற பொருளும் இருக்கும், அன்பு, நேசம் என்ற பொருளும் இருக்கும். மற்றவர்களின் பேச்சில் இச்சொல் அருகிப் போனாலும், இலங்கை முஸ்லிம்களும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கரையோர ஊர்களின் முஸ்லிம்களும் அதைக் கைவிடவில்லை. பாலாணம், புளியாணம், இறைச்சி ஆணம் என்று இன்றும் நம் அடுப்படியில் அது உயிரோடு இருக்கிறது.

அறபியில் இறைச்சி வெந்த சாற்றுக்கு 'மரக்' என்று பெயர். (நமது மரக்கறிக்கும் இதற்கும் தொடர்பில்லை; அது மரமும் கறியும் சேர்ந்த தமிழ்ச் சொல்.) அந்தச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்தால் அது 'தரீத்'. நபி (ஸல்) அவர்களின் பாட்டனாருடைய தந்தையின் இயற்பெயர் அம்ர். மக்காவில் பஞ்சம் வந்தபோது அவர் ரொட்டியை நொறுக்கி, சாறு ஊற்றி மக்களுக்கு உணவளித்தார் என்றும், அதனாலேயே 'நொறுக்குபவர்' என்ற பொருளில் 'ஹாஷிம்' என அழைக்கப்பட்டார் என்றும் சீறா நூல்கள் கூறுகின்றன. பனூ ஹாஷிம் என்ற குலப்பெயரே ஒரு சட்டி ஆணத்திலிருந்து பிறந்தது என்று சொல்லலாம்.

அந்தக் குலத்தில் வந்த நபியவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆணம் சமைத்தால் தண்ணீரைக் கூட்டுங்கள், அயலவரைக் கவனியுங்கள் என்பது அதன் கருத்து. இறைச்சியைக் கூட்டச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இறைச்சி வாங்கக் காசு வேண்டும். தண்ணீர் கூட்ட மனம் இருந்தால் போதும். பொரித்த துண்டை எண்ணித்தான் பங்கிடலாம். ஆணத்தை நீட்டலாம். ஏழை வீட்டுச் சட்டியிலிருந்தும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை போகலாம்.

நோன்புக் கஞ்சியும் இதே கணக்குத்தான். கொஞ்ச அரிசி, கொஞ்ச இறைச்சி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம், நிறையத் தண்ணீர். பள்ளிவாசல் கிடாரத்தில் வெந்தால் முழு மஹல்லாவுக்கும் போதுமாகிறது. ஜாடியோடு வரும் பிள்ளை பணக்கார வீட்டுப் பிள்ளையா, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையா என்று அகப்பை கேட்பதில்லை.

ஒரே சொல்லுக்குள் குழம்பும் அன்பும் எப்படி வந்து சேர்ந்தன என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். நமது உம்மம்மாமார் அகராதி பார்க்காமலே இரண்டையும் ஒரே சட்டியில் ஆக்கினார்கள்.

எனவே பிள்ளை 'ஆணம்' என்று எழுதினால் வெட்டிவிடாதீர்கள். 'குழம்பு' என்ற சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள், இரண்டும் தமிழே. இன்று வீட்டில் ஆணம் கொதிக்கும்போது கொஞ்சம் தண்ணீரையும் கூட்டுங்கள்.

உங்கள் ஊரில் என்னென்ன ஆணம் உண்டு? மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர்களையும் நம் பிள்ளைகள் அறியட்டும்.