ஓட்டமும் உலோகமும்: ஹாரிசனின் கடற்கடிகாரங்கள் பழுதுபார்க்கப்பட்ட வரலாறு

பழைய இயந்திரக் கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவர் அதன் ஓட்டத்தையும் காக்க வேண்டும், அதன் மூல உறுப்புகளையும் காக்க வேண்டும். ஆனால் ஓடும் கடிகாரத்தின் உறுப்புகள் தேயாமல் இருப்பதில்லை என்பதால், ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றில் சிறிதளவேனும் இழக்க நேர்கிறது. இந்த முரண், ஆங்கிலேயத் தச்சரான ஜான் ஹாரிசன் (1693–1776), கடலில் செல்லும் கப்பலின் கிழக்கு மேற்கு நிலையைக் காட்டும் தீர்க்கரேகையைக் கணிப்பதற்காகச் செய்த கடிகாரங்களுள் நான்கின் வரலாற்றில் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது.

எச்-1, எச்-2, எச்-3 எனப் பிற்காலத்தவர் பெயரிட்ட முதல் மூன்றும் பெரிய பித்தளை இயந்திரங்கள். 1735இல் முடிந்த எச்-1 மட்டுமே ஏறத்தாழ 34 கிலோ எடையுள்ளது. அக்காலத்து எண்ணெய் விரைவில் கெட்டியாகி ஓட்டத்தைக் குலைத்ததால், ஹாரிசன் எண்ணெயே வேண்டாத அமைப்பை நாடினார்: இயல்பிலேயே நெய்ப்பசை கொண்ட லிக்னம் வைட்டே என்னும் கடின மரத்தில் உருளைகள் செய்தார், அச்சுகள் உராயாமல் உருளும்படி அவற்றைத் தாங்கும் சக்கரங்களை அமைத்தார். 1759இல் முடிந்த எச்-4 இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள இந்தக் கைக்கடக்கமான கடிகாரம், நொடிக்கு ஐந்து முறை துடித்து, 1761–62இல் ஜமைக்காவுக்குச் சென்ற 81 நாள் பயணத்தில் ஐந்து நொடி அளவே பிந்தியது. ஆனால் அதன் அச்சுகள் மணிக்கற்களில் சுழல்வதால் அதற்கு எண்ணெய் தேவைப்பட்டது. பின்னாளில் அதன் விதியைத் தீர்மானித்தது இந்த ஒரு வேறுபாடுதான்.

முதல் மூன்று இயந்திரங்களும் 1766இல் கிரீனிச் வான் ஆய்வகத்துக்காக ஹாரிசனின் வீட்டிலிருந்து அகற்றப்பட்டபோதே எச்-1 கீழே விழுந்து சேதமுற்றது. 1920இல் ரூபர்ட் கூல்ட் என்னும் கடற்படை அதிகாரி கிரீனிச்சில் இவற்றைக் கண்டபோது அவை களிம்பேறி, நின்றுபோய்க் கிடந்தன. முறையான கடிகாரப் பயிற்சி ஏதுமில்லாத அவர் தாமாக முன்வந்து ஏற்ற பணி 1933 வரை நீண்டது. எச்-3 மட்டுமே ஏழாண்டுகளை எடுத்துக்கொண்டது. எச்-1இன் நிலை இன்னும் மோசமாக இருந்தது: இயக்கவிசை தரும் சுருள்விற்கள் இல்லை, அந்த விசையைச் சிறிது சிறிதாக விடுவித்துத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் எஸ்கேப்மென்ட் இல்லை, அச்சைத் தாங்கிய 24 சக்கரங்களில் ஐந்தைக் காணவில்லை. இயந்திரத்தின் இரு பக்கமும் ஒத்த வடிவில் அமைந்திருந்ததால், ஒரு பக்கத்தில் எஞ்சிய உறுப்பை மாதிரியாகக் கொண்டு மறுபக்கத்து உறுப்பைக் கூல்ட் செய்தார். அவ்வாறு செய்ததைத் தம் குறிப்பேடுகளில் வரைபடங்களுடன் பதிந்தும் வைத்தார்.

கூல்டின் காலத்தில் செப்பனிடுதல் என்றாலே மீண்டும் ஓடச் செய்தல் என்றே பொருள்பட்டது. ஆகவே புதிய உறுப்பைப் பொருத்தியதற்காக அவரைக் குறைகூறுவது நியாயமாகாது. ஆயினும் எச்-1 இன்று ஓடுவதில் ஹாரிசனின் கையோடு கூல்டின் கையும் கலந்திருக்கிறது என்பதை மறைக்கவும் கூடாது. இரண்டையும் பிரித்தறிய உதவும் அவருடைய குறிப்பேடுகள், அந்தப் பழுதுபார்ப்பு வேலைக்குச் சற்றும் குறையாத மதிப்புடையவை.

இன்று கிரீனிச்சில் முதல் மூன்றும் ஓடுகின்றன. எச்-4 வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. எண்ணெய் நாளடைவில் தூசியோடு கலந்து அரைக்கும் பசையாக மாறி, முடியளவு மெலிந்த அச்சுமுனைகளைத் தேய்க்கும். தேய்ந்த முனையை மெருகேற்றினால் மேலும் உலோகம் போகும். இறுதியில் முனையையே மாற்ற வேண்டிவரும். இவ்வாறு ஒவ்வொரு சர்வீஸிலும் ஹாரிசன் தீட்டிய பரப்பு கொஞ்சங்கொஞ்சமாக மறைந்துவிடும் என்பதால், அதை நிறுத்தியதே சரியான முடிவு. எச்-4இன் ஓட்டத்தை அறிய, அதன் படிகள் என்னும் வேறு வழி இருக்கிறது. கடிகாரக் கைவினைஞர் லார்க்கம் கெண்டால் 1769இல் முடித்த கே-1 என்னும் படியைக் கேப்டன் குக் தம் இரண்டாம் பயணத்தில் எடுத்துச் சென்றார். நம் காலத்தில் கடிகாரக் கைவினைஞர் டெரிக் பிராட் தொடங்கிய மற்றொரு படியை, 2009இல் அவர் இறந்தபின் சார்லஸ் ஃப்ராட்ஷம் நிறுவனம் முடித்தது. தேய்மானத்தை அத்தகைய படிகள் ஏற்கலாம். அவற்றில் தேய்ந்த உறுப்பைத் தயக்கமின்றி மாற்றிக்கொள்ளவும் முடியும்.