தந்தைக்கு எழுதிய மகன்: அருட்தந்தை வில்லி டாயிலின் போர்முனை மடல்கள்

முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையின் சிப்பாய் ஒருவர் மாண்டால் அவர் வீட்டுக்குத் தபாலில் வந்தது அச்சடித்த ஒரு படிவம். காலியாக விட்டிருந்த இடங்களில் பெயர், எண், படைப்பிரிவு, நாள் ஆகியவற்றை எழுத்தர் ஒருவர் நிரப்பியிருப்பார். இறந்தவர் அதிகாரி என்றால் தந்தி வரும். இரண்டிலும் தாய் தேடுவது இருக்காது. எப்படிச் செத்தான், கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்பதையெல்லாம் சொல்லும் கடிதம் சில நாள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அதைப் பெரும்பாலும் எழுதியவர் படையணியின் ஆன்மகுருவாகவே இருப்பார். கத்தோலிக்க வீடுகளில் இன்னொரு கேள்வியும் உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்தானா? அவஸ்தைபூசுதல் கிடைத்ததா? அயர்லாந்தின் நாட்டுப்புறத்துத் தாய்க்கு மற்ற எல்லாவற்றையும்விட இதற்கான பதில்தான் பெரிது.

ஊர் பேர் அறியாத வீடுகளுக்கெல்லாம் இப்படி எழுதிக்கொண்டிருந்த குருக்கள், தம் சொந்த வீட்டுக்கு என்ன எழுதினார்கள்? குருத்துவப் பணியைச் சிறப்பிக்கும் இம்மலரில் அதைப் பற்றி எழுதுவது பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: அயர்லாந்துச் சேசு சபைக் குரு வில்லியம் டாயில், வீட்டாருக்கு வில்லி.

1873 மார்ச் 3 அன்று டப்ளினை அடுத்த கடலோர ஊரான டால்கியில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை ஹியூ டாயில் நெடுங்காலம் நீதிமன்ற அலுவலராக இருந்தவர். அண்ணன் ஒருவர் ரோமில் குருமாணவராக இருந்து, திருநிலைப்பாட்டுக்குச் சில நாள் இருக்கும்போதே இறந்துபோனார். இன்னோர் அண்ணன் சார்லஸ் சேசு சபையில் சேர்ந்தார். வில்லி 1891இல் டல்லபெக் நவதுறவகத்தில் சேர்ந்து, 1907 ஜூலை 28 அன்று குருவானார். பிறகு ஊர் ஊராகப் போய்த் தியானம் கொடுப்பதே அவர் வேலை. போர் வந்ததும் தாமாகவே முன்வந்து பெயர் கொடுத்தார். 1915 நவம்பரில் பணி உத்தரவு கிடைத்தது. அவருடைய தாய் காலமானதும் அதே ஆண்டில்தான். பெரிய வீட்டில் கிழவர் மட்டும் பின்தங்க, கடைசி மகன் 16ஆம் ஐரிஷ் டிவிஷனோடு பிரான்சுக்குக் கப்பலேறினார்.

1914 ஆகஸ்டில் பிரித்தானியத் தரைப்படையில் நிரந்தர ஆன்மகுருக்கள் 117 பேரே இருந்தார்கள். போர் முடியும்போது 3,400க்கு மேல். இந்த ஏற்பாடு போகப் போகத்தான் உருவானது. ஆங்கிலிக்கன் குருக்கள் முன்வரிசைப் பதுங்குகுழிகளுக்குப் போகக் கூடாது என்று தொடக்கத்தில் கட்டளை இருந்தது. அந்தச் சபையிலிருந்தே பிறகு தியடோர் பெய்லி ஹார்டி வந்தார். ஐம்பது வயதைக் கடந்த அந்த முன்னாள் தலைமையாசிரியர் விக்டோரியா சிலுவை பெற்று, போர் முடிய மூன்றே வாரம் இருக்கையில், 1918 அக்டோபர் 18 அன்று மாண்டார். ஆகவே துணிவை ஒரு சபையின் சொத்தாகப் பேசுவது நியாயமாகாது. கத்தோலிக்கக் குருவுக்கு வேறொரு கட்டாயம் இருந்தது. சாகக் கிடப்பவனுக்குத் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டுமானால் அவன் கிடக்கும் இடத்துக்கே போயாக வேண்டும். தூரத்திலிருந்து எண்ணெய் பூச முடியாது.

கடிதம் எழுதுவது சேசு சபையாரின் இரத்தத்தில் ஊறியது. எங்கே போனாலும் எழுதியாக வேண்டும் என்று நிறுவனர் இனிகோ வற்புறுத்தினார். 1544இல் சவேரியார் முத்துக்குளித்துறையின் மணலில் ஊர் ஊராக நடந்தபடியே தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய மடல்கள் நமக்கு அறிமுகமானவை. 1693 பிப்ரவரி 3 அன்று ஓரியூர்ச் சிறையில் அருளானந்தர், கரித்தூளைத் தண்ணீரில் குழைத்து மையாக்கி, வைக்கோல் துரும்பால் எழுதினார். மறுநாள் அவர் தலை வெட்டப்பட்டது. ஆனால் இவையெல்லாம் சபைத் தலைவருக்கும் உடன் சகோதரருக்கும் எழுதியவை. லிஸ்பனில் இருந்த அருளானந்தரின் தாய்க்கு மகனின் முடிவு பிறர் வாயிலாகவே தெரிந்தது. டாயிலின் மடல்கள் வேறு வகை. அவை தந்தையின் பெயருக்கு, டால்கியில் உள்ள வீட்டு முகவரிக்குப் போயின. படித்தவர் குரு அல்லர், துறவி அல்லர். மகன் உயிரோடு இருக்கிறானா என்று தபால்காரரை எதிர்பார்த்திருந்த முதியவர்.

போர்முனைத் தபாலுக்கும் விதிகள் உண்டு. சிப்பாய்கள் எழுதியதை அவர்களுடைய அதிகாரிகள் படித்துப் பார்த்து, ஊர்ப் பெயரையும் படை நகர்வையும் அடித்துவிடுவார்கள். ஆன்மகுருவுக்கு அதிகாரி அந்தஸ்து இருந்ததால் அவர் எழுத்தை அவரே தணிக்கை செய்துகொள்ள வேண்டும். அவர் நாணயத்தை நம்பி விட்டிருந்தார்கள். டாயிலின் மடல்களில் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வு முழுக்க அவருடையது. அந்தத் தேர்வுதான் என்னை இந்த மடல்களிடம் திரும்பத் திரும்ப இழுத்துவருகிறது.

ஒரு நிகழ்ச்சியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1916 ஏப்ரல் 27 அதிகாலை, லூஸ் நகரை அடுத்த ஹல்லுக்கில் ஜெர்மானியர் குளோரினும் பாஸ்ஜீனும் கலந்த நச்சுவாயுவைத் திறந்துவிட்டார்கள். 29ஆம் தேதி மறுபடியும். அந்த மூன்று நாளில் நச்சுவாயு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இதே வாரத்தில்தான் டப்ளினில் உயிர்ப்பு விழாக் கிளர்ச்சி. அந்தச் செய்தியை எழுதிய பலகைகளை ஐரிஷ் வீரர்களின் கண்ணில் படும்படி ஜெர்மானியர் பதுங்குகுழிக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். போர்முனையில் இருந்த மகன் டப்ளினில் இருப்போரை எண்ணிக் கவலைப்பட வேண்டிய விசித்திர நிலை.

அன்றைய வாயுக் காப்பு என்பது மருந்துக் கரைசலில் நனைத்த ஃபிளானல் பை. கண்ணுக்கு இரண்டு கண்ணாடி, வாய்க்கு ஒரு குழாய். தலைவழியே மாட்டி, கீழ்விளிம்பைச் சட்டைக் கழுத்துக்குள் செருக வேண்டும். சாகக் கிடந்த ஒருவனுக்கு அவஸ்தைபூசிக்கொண்டிருந்த டாயில் வாயு வருவதைக் கவனிக்கவில்லை. பையை மாட்டுவதற்குள் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, உடம்புதான் சற்றுத் தளர்ந்திருக்கிறது என்று தந்தைக்கு எழுதினார். பிற்பாடு இன்னொரு மடலில், அந்த ஏப்ரல் காலையின் முழுக் கதையை அப்பாவிடம் சொன்னதே இல்லை என்று ஒத்துக்கொண்டு மீதியைச் சொன்னார். அவரைத் தூக்குக்கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பிழைக்க மாட்டார் என்றே மருத்துவர் எண்ணினார். பிறகு எப்படியோ பலம் திரும்பி, எழுந்து போய், இறந்துகொண்டிருந்த பலருக்குத் துணையிருந்தார். அதைக் கடவுளின் கொடை என்றே எழுதினார்.

ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது பாதிதான் சொல்வார். அது கடந்து போய், எழுதுகிற கையே உயிரோடு இருப்பதற்குச் சான்றாக நிற்கும்போது மறுபாதி வரும். இதை வெறும் மறைப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. துக்கச் செய்தியை எந்த வரிசையில் சொல்வது என்பதை ஆயிரம் வீடுகளின் துக்கத்தில் பழகிக்கொண்ட குருவின் கைவரிசை இது. தம் அப்பாவையும் அவர் அந்த வீடுகளில் ஒன்றாகவே பார்த்தார்.

1916 செப்டம்பரில் ஐரிஷ் டிவிஷன் சொம் களத்தில் ஜின்சியைப் பிடித்தது. கவிஞரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான டாம் கெட்டில் அங்கேதான் விழுந்தார். அந்தக் களத்தில் தாம் நிறைவேற்றிய ஒரு திருப்பலியைப் பற்றி டாயில் வீட்டுக்கு எழுதியது, போர்க்கால எழுத்துகளில் எனக்குத் தெரிந்தவரை ஈடில்லாதது. பதுங்குகுழியின் பக்கச் சுவரைக் கொஞ்சம் வெட்டித் தாம் நிற்க இடம் செய்துகொண்டார். ஜெர்மானியத் துப்பாக்கிச் சனியன்கள் இரண்டை மண்ணில் குத்தி, அவற்றின் மேல் ஒரு பிஸ்கட் பெட்டி, அதுதான் பீடம். தலைக்கு மேலே குண்டுகள் சீறிக்கொண்டிருந்தன. தமக்கு வாய்த்த சபைகளிலேயே மிகப் பெரிய சபை அன்று சுற்றிலும் கூடியிருந்தது என்கிறார். பீடத்துக்கு முன்னும் பின்னும் வரிசை வரிசையாக, ஒருவர் மேல் ஒருவராக, ஒரு சொல்லும் தவறாமல் கேட்பவர்கள் போல அமைதியாக இருந்தார்கள். அத்தனை பேரும் இறந்தவர்கள். அவர்களுக்காகத்தான் அந்தப் பூசை.

இதை ஒரு முதியவருக்கு எழுதலாமா? எழுதலாம் என்றே டாயில் முடிவு செய்தார். அந்தத் தந்தைக்கு மகனின் பூசை தெரியும், பிணக்குவியல் தெரியாது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததன் பக்கம் அவரைக் கூட்டிப் போகிறார் மகன். சிரிப்பும் இடையிடையே வரும்: நிலவறையில் கூடவே குடியிருந்த எலிகள், நனைந்து காயாத உடுப்பு. 1917இல் இராணுவச் சிலுவைப் பதக்கம் கிடைத்தபோது, குருக்களுக்குப் பதக்கம் கொடுப்பதே தமக்குப் பிடிக்கவில்லை என்றும், ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் உண்மையாக உழைத்தும் பதக்கம் பெறாத வீட்டு முதியவரை இது மகிழ்விக்கும் என்பதால் சந்தோஷமே என்றும் எழுதினார். பதக்கத்தை அப்பா மடியில் கொண்டுபோய் வைக்கிற பிள்ளையின் குரல் அது.

1917 ஆகஸ்டில் ஈப்பர் களம். ஜூலைக் கடைசியில் தொடங்கிய மழை நிலத்தைச் சேறாக்கிவிட்டது. அயர்லாந்து தேசியவாதிகளின் 16ஆம் டிவிஷனும், அல்ஸ்டர் புரட்டஸ்டாந்தரின் 36ஆம் டிவிஷனும் தோளோடு தோளாக, ஃபிரெசன்பெர்க் மேட்டை ஒட்டிய குழிகளில், தாக்குதல் தொடங்கும் முன்பே கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஓயாத பீரங்கிச் சூட்டில் கிடந்தன. டாயில் அப்போது 8ஆம் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையணியோடு இருந்தார். பிடிபட்ட ஜெர்மானியக் காங்கிரீட் அறையே இருப்பிடம். அங்கிருந்து கிளம்பிக் காயப்பட்டவர்களைத் தேடிப் போவதும், இருட்டில் இறந்தவர்களைப் புதைப்பதுமாக நாட்கள் போயின. நடுவில் கிடைத்த சிறு ஓய்வில், 14ஆம் தேதி, அந்நாட்களில் நடந்ததையெல்லாம் நாட்குறிப்புப் போலத் தந்தைக்கு நீளமாக எழுதினார். தாம் தப்பிய ஒவ்வொரு ஆபத்தையும் இம்முறை ஒளிக்காமல் சொன்னார். ஏன் சொல்கிறார் என்பதையும் முடிவில் விளக்கினார்: வானகத்தில் தம் நாற்காலி இன்னும் தயாராகவில்லை என்ற நம்பிக்கை தமக்கு இருக்கிறது, இதையெல்லாம் படித்தால் அப்பாவுக்கும் அது வரும், அவர் கலங்கக் கூடாது. விரைவில் விடுப்புக் கிடைக்கக்கூடும், நேரில் பார்க்கலாம் என்று அன்போடு முடித்தார்.

16ஆம் தேதி தாக்குதல் நடந்தது, தோற்றது. காயப்பட்டவர்களிடையே பணிசெய்துகொண்டிருந்த டாயில் எறிகுண்டுக்குப் பலியானார். வயது 44. உடல் கிடைக்கவில்லை. அக்களத்தில் காணாமற்போனவர்களில் 1917 ஆகஸ்ட் 16க்கு முன் மாண்ட பிரித்தானிய வீரர்களின் பெயர்கள் மெனின் வாயிலிலும், அன்று முதல் மாண்டவர்களின் பெயர்கள் டைன் காட் நினைவுச் சுவரிலும் பொறிக்கப்பட்டுள்ளன. டாயில் பெயர் டைன் காட்டில், ஏறத்தாழ 35,000 பெயர்களோடு. விக்டோரியா சிலுவைக்குப் பரிந்துரைத்தார்கள்; கிடைக்கவில்லை. பெல்பாஸ்ட்டைச் சேர்ந்த ஆரஞ்சு சங்கத்தவர் ஒருவர், கத்தோலிக்கத்தைப் பரம்பரையாக எதிர்த்த சங்கத்தில் இருந்துகொண்டே, இந்தக் குருவைப் போற்றி கிளாஸ்கோ இதழில் எழுதினார். எந்தப் பதக்கத்தையும்விட நான் அதை உயர்வாக மதிக்கிறேன்.

தந்தை இழந்தது மகனை மட்டுமன்று, கல்லறையையும்தான். பிற வீடுகளுக்கு மகன் எழுதியதைப் போல, எங்கே, எப்படி, யார் பக்கத்தில் என்று உறுதியாகச் சொல்லும் மடல் அவருக்குக் கிடைக்க வழியில்லாமல் போனது. மரணத்தைக் குறித்த விவரங்கள்கூட ஒன்றுக்கொன்று மாறுபட்டன. அவர் கையில் இருந்தது அந்த ஆகஸ்ட் 14 மடல். மகன் எந்த அறையில் தங்கினான், எந்தப் பாதையில் போனான், யாரை அடக்கம் செய்தான் என்பதெல்லாம் அதில் மகனின் கையெழுத்திலேயே இருந்தது. பிறருக்கு இறப்புக்குப் பின் செய்த பணியை, தம் தந்தைக்கு அவர் முன்னதாகவே செய்து முடித்திருந்தார். அதை அறிந்து செய்தாரா என்றால், நம்பிக்கையோடுதான் எழுதினார் என்பதையே நானும் நம்புகிறேன்.

கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஓரஹிலி 1920இல் டாயிலின் வரலாற்றை எழுதினார். மடல்களை நீளநீளமாக அதில் சேர்த்துக்கொண்டதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எரித்துவிட வேண்டும் என்று டாயில் சொல்லிவைத்திருந்த தனிக் குறிப்புகளும் எரிக்கப்படாமல் நூலில் இடம்பெற்றன. அவற்றில் தெரிபவர் தம்மையே கொஞ்சமும் இரங்காமல் வருத்திக்கொண்ட தவசி. இரவில் குளிர்ந்த நீரில் நின்றவர், காஞ்சொறிச் செடிகளில் உடம்பைக் கிடத்தியவர். படிக்கும் பலர் திகைக்கிறார்கள், எனக்கும் அந்தப் பக்கங்கள் எளிதாக இல்லை. மடல்களில் அந்தக் கடுமையின் நிழல்கூட இல்லை. தமக்கு மட்டும் வைத்திருந்த கண்டிப்பில் ஒரு துளியையும் அப்பாவின் மேல் அவர் சிந்தவில்லை.

2022 நவம்பர் 20 அன்று முல்லிங்கரில் மீத் மறைமாவட்ட ஆயர் டாயிலுக்குப் புனிதர் பட்ட முயற்சியைத் தொடங்கி வைத்தார். இப்படிப்பட்ட விசாரணையில் ஒருவர் எழுதிவைத்த எல்லாவற்றையும் தேடித் தொகுத்து இறையியலார் படிப்பார்கள். மடல்களிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் ஏற்கெனவே நூலாக வந்துள்ளன. என் விருப்பம் இன்னும் கொஞ்சம் பெரியது. தந்தைக்கு எழுதியவை மட்டும் தேதி வரிசையில், வெட்டாமல், ஒரே தொகுதியாக வர வேண்டும். ஒவ்வொன்றின் எதிர்ப்பக்கத்திலும் அந்த நாளில் படையணிக்கு நேர்ந்தது படைநாட்குறிப்பிலிருந்து அச்சாக வேண்டும். ஏப்ரல் 27இல் விட்டதையும் பிற்பாடு சொன்னதையும் வாசகர் தாமே அருகருகே வைத்துப் படித்துக்கொள்வார்.