பயம் புகுந்த இயக்குநர் சபை

மாப்பிள்ளையூரணிக்காரனான எனக்கு, சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையில் கப்பல்களைவிட இயக்குநர்கள்தான் மனதில் நிற்கிறார்கள்.

1906 அக்டோபரில் கம்பெனி தூத்துக்குடியில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய்ப் பங்குகள் 40,000. தலைவர் பாண்டித்துரைத் தேவர். லாபக் கணக்கோடு, கொழும்புக் கடல்வழியை வெள்ளைக்காரக் கம்பெனி பிடித்துவைத்திருந்த ஆத்திரமும் சேர்ந்துதான் வியாபாரிகளின் பணப்பெட்டியைத் திறந்தது. அந்தச் சூட்டில் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் 1907இல் வந்தன.

அந்த வெள்ளைக்காரக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. அந்த நஷ்டம் மட்டும் என்றால் இயக்குநர்கள் தாங்கியிருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் 1908 பிப்ரவரியில் வெள்ளைக்காரர்களின் கோரல் மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தை, கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. முன்னின்று நடத்தினார். சர்க்காரின் கோபம் தங்கள் தலையிலும் விடியும் என்ற பயம் சபைக்குள் புகுந்தது. அவருடைய அரசியல் அவர்களுக்கு உறுத்தியது, அவரோ விடவில்லை. மார்ச் 12இல் கைது, ஜூலையில் ஆயுள் தண்டனை.

இயக்குநர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையும் சொத்தும் குடும்பமும் சர்க்காரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனாலும் மக்களின் ஆவேசத்தில் மிதந்த கம்பெனியை வெறும் வரவு செலவாக நடத்த நினைத்தது பெரும்பிழை. வ.உ.சி. சிறைக்குப் போனபின் அதைத் தூக்கி நிறுத்த ஆளில்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா, போட்டிக் கம்பெனிக்கே விலைபோனது. அதை இன்றும் என்னால் மனம் பொறுத்துப் படிக்க முடியவில்லை.