தென்காசிச் சீமை – 17: இடம் மாறிய கச்சேரிகள்

1956 நவம்பர் 1 விடிந்தபோது, செங்கோட்டை தாலுகா கச்சேரி ஊழியர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். அதே மேசை, அதே கட்டுக்கட்டான கணக்குகள். அவர்களுடைய தலைநகரம்தான் மாறிப்போயிருந்தது. முந்தின நாள் வரை மேலிடம் என்றால் திருவனந்தபுரம். ஆரியங்காவுக் கணவாய் வழியே ரயிலில் கொல்லம் போய், அங்கிருந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். அன்று காலை முதல் மேலிடம் சென்னை, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். மாவட்டத் தலைநகரும் கொல்லம் இல்லை, திருநெல்வேலி.

மதுரை கைவிட்டுப் போன பிறகு பாண்டியர்கள் தென்காசியைத் தலைநகராக்கிக்கொண்டதைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். பராக்கிரம பாண்டியன் கோயில் கட்டினான், கோபுரம் எழுப்பினான் என்று எழுதுகிறோம். அந்த அரசனுக்கு ஓலை எழுதியவர்களும் வரிக்கணக்குப் பார்த்தவர்களும் எந்தத் தெருவில் குடியேறினார்கள், விட்டுவந்த வீட்டை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. ஆட்சி பெயரும்போதெல்லாம் கூடவே பெயரும் இந்த மனிதர்களுக்காக இந்த ஒரு வாரத்தை ஒதுக்குகிறேன்.

செங்கோட்டைக்குத் திரும்புவோம். மாநிலச் சீரமைப்புக்காக 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட பசல் அலி ஆணையம், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு செங்கோட்டையையும் தமிழர் பகுதியாகக் கண்டு, சென்னையோடு சேர்க்கச் சொன்னது. தெற்கே இருந்த நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை மட்டும் திருநெல்வேலியில் சேர்ந்தது. அதுவும் முழுதாக அல்ல. மலைப்பகுதியான ஆரியங்காவு கேரளத்தோடு நின்றுவிட்டது.

நிலத்தைப் பிரிக்க வரைபடத்தில் கோடு போட்டால் போதும். ஊழியர்களை அப்படிப் பிரிக்க முடியாது. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 115, 116-ஆவது பிரிவுகள் இவர்களைப் பற்றியவைதான். அன்றைய தேதியில் எந்த இடத்தில் வேலை பார்த்தாரோ, அந்த இடம் எந்த மாநிலத்துக்குப் போகிறதோ, அந்த மாநில ஊழியராக அவர் தற்காலிகமாகத் தொடர்வார். இறுதி ஒதுக்கீட்டை மத்திய அரசு முடிவு செய்யும். அதன் முன் அனுமதி இல்லாமல், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றக் கூடாது. இந்தக் கடைசி வாசகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். எல்லைப் போராட்டத்தின் சூட்டிலும், மேசைக்குப் பின்னால் இருக்கும் குடும்பஸ்தனை நினைத்துப் பார்த்த ஒருவர் அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் இருந்திருக்கிறார்.

சட்டம் சம்பளத்தைக் காத்தது. அன்றாட வேலையை எளிதாக்கிவிடவில்லை. திருவிதாங்கூர்க் கணக்கில் கிராமத்துக்குப் ‘பகுதி’ என்று பெயர், வரிக்கணக்குக்குத் ‘தண்டப்பேர்’, ஊர்ப் பொறுப்பாளருக்குப் ‘பார்வத்தியக்காரர்’. சென்னை மாகாணத்துப் பட்டா, அடங்கல், கர்ணம் எல்லாம் வேறு பழக்கம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு அலுவலகத்தில் மலையாளத்தில் எழுதிவந்தவர், நடுவயதில் புதிய நடைமுறையைப் படிக்க வேண்டியிருந்தது. தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலையில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை தாங்கிய வளைவைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அரசின் எல்லை அங்கே தொடங்கியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. குற்றாலத்தில் நிலைமை நேர்மாறு. அந்த ஊர் முன்பே சென்னை மாகாணம். ஆனால் அங்குள்ள திருவிதாங்கூர் அரண்மனையும் அதன் தோட்டமும் இன்றைக்கும் கேரளப் பொதுப்பணித்துறையின் பொறுப்பில் இருக்கின்றன.

அரண்மனை ஏன் குற்றாலத்தில் வந்தது என்றால், சாரல்தான் காரணம். மன்னர் குடும்பம் மட்டுமல்ல, பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் தென்மேற்குப் பருவத்தில் குற்றாலத்துக்கு வந்து தங்குவது வழக்கம். ஆனிக்கு மேல் அடிவாரத்திலேயே காற்று குளிர்ந்துவிடும், மலை ஏற வேண்டியதே இல்லை. இதே ஆசை பெரிய அளவில் அரசாங்கக் கொள்கையாகவே ஆனது. 1864 முதல் இந்திய அரசாங்கம் கோடைதோறும் சிம்லாவுக்குப் போனது. 1870-களிலிருந்து சென்னை அரசாங்கம் உதகமண்டலத்துக்குப் போனது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-இல்தான், ஊட்டியை எட்டியது 1908-இல். அதுவரை கோப்புகள் மாட்டுவண்டியில் மலையேறின. துரைக்கு மேலே பங்களா இருந்தது. தலைமைச் செயலகக் குமாஸ்தாவுக்கு, குடும்பத்தைக் கூட்டிப்போவதா, பட்டணத்திலேயே விட்டுப்போவதா என்ற கவலை ஆண்டுதோறும் வந்தது. செலவெல்லாம் வரி கொடுத்தவன் தலையில்.

திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் இருந்ததற்கும் மலைதான் காரணம், கொடைக்கானல் போய்க்கொண்டிருந்தார். அவரைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறையில், புனலூரில் வேலை பார்த்தவர். சுட்டவரும் சுடப்பட்டவரும் இருவேறு அரசாங்கங்களின் ஊழியர்கள்.

வெயிலுக்காகப் போனது போய், ஒருமுறை அச்சத்துக்காகவும் சென்னை காலியானது. 1942 ஏப்ரல் 5-இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று அரசு நம்பியது. அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்ப உத்தரவாயிற்று. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. எழும்பூரில் ரயிலேற இடமில்லாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். பட்டணத்தில் வேலையிலிருந்த நெல்லைச் சீமைக்காரர்கள் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு, தாங்கள் உத்தரவு வந்த ஊருக்குப் போனார்கள். ஆபத்து விலகியதும் எல்லாம் சென்னைக்கே திரும்பிவிட்டன. 1983-இல் எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோகலாம் என்றபோது, பலத்த எதிர்ப்பு கிளம்பி, அந்தப் பேச்சு அத்தோடு அடங்கியது.

மலேசியா அந்த யோசனையைச் செய்தே காட்டியது. கோலாலம்பூர் நெரிசலிலிருந்து விலகி, 1999-இல் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவுக்குப் போனது. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குக் குடியிருப்பு, பள்ளி, ஏரிக்கரைப் பூங்கா எல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நகரம் எழுந்த மண், பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு ரப்பர் தோட்டங்கள். அங்கே தலைமுறைகளாகப் பால் வெட்டியவர்கள் தமிழர்கள். அரசு ஊழியர்கள் வருவதற்காக அவர்கள் டெங்கிலில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வீடுகளின் விரிசல்களைப் பற்றி அவர்கள் பல ஆண்டுகள் முறையிட வேண்டியிருந்தது. புத்ராஜெயாவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்தக் குடும்பங்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

இனி நம் ஊர்க் கதை. 2019 ஜூலை 18 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் தென்காசி தனி மாவட்டம் என்று அறிவித்தார். நவம்பர் 22-இல் அவரே தென்காசிக்கு வந்து தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டின் 33-ஆவது மாவட்டம், எட்டு வட்டங்கள். முதல் ஆட்சியர் அருண் சுந்தர் தயாளன். நான் இதுவரை சொன்ன இடமாற்றங்களில் பெரும்பாலானவை ஆள்கிறவர்களின் தேவைக்காக நடந்தவை. இது ஜனங்கள் கேட்டுக் கேட்டு நடந்தது.

அதற்கு முன் திங்கட்கிழமை மனுநாள் எப்படி இருந்தது? சிவகிரிக்காரர் ஒருவர் பட்டா தகராறுக்காகக் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால், விடியுமுன் பஸ் ஏறி, எண்பது கிலோமீட்டருக்கு மேல் போய், கொக்கிரகுளத்தில் இறங்க வேண்டும். வாசலில் மனு எழுதிக்கொடுப்பவரிடம் கதையைச் சொல்லி, எழுதி வாங்கி, பதிவு போட்டு, வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மதியம் தாண்டிவிடும். ஒருநாள் கூலி போயிற்று, பஸ் காசு போயிற்று. அந்த மனு விசாரணைக்கு எங்கே போகும்? சிவகிரி தாலுகா ஆபீசுக்குத்தான்.

ஊழியர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மாவட்டம் பிரிந்தபோது திருநெல்வேலி அலுவலகங்களிலிருந்து பலரைத் தென்காசிக்கு மாற்றினார்கள். பாளையங்கோட்டையில் பிள்ளைகள் பள்ளியில் நன்றாகப் படிக்கிறார்கள், வயதான தாய் தகப்பனுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. எப்படிக் குடிபெயர்வார்கள்? காலை ரயிலில் டிபன் கேரியரோடு ஏறி, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம் என்று ஒவ்வொரு நிலையமாகத் தாண்டி வந்து, சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறவர்களோடு நான் பேசியிருக்கிறேன். மாறுதல் உத்தரவில் சேர வேண்டிய தேதி இருக்கிறது, வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊழியர் உள்ளூரில் குடியிருந்தால்தான் மழை கொட்டும் இரவில் குற்றால அருவிக்கரைக்கு அவரால் உடனே போக முடியும். அதனால் ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்கு எவ்வளவு அக்கறை காட்டுகிறோமோ, அதே அக்கறையை ஊழியர் குடியிருப்புக்கும் காட்ட வேண்டும் என்கிறேன்.

தூரமும் எல்லாருக்கும் குறைந்துவிடவில்லை. தனி மாவட்டம் கேட்ட சங்கரன்கோவிலுக்கு வருவாய்க் கோட்டம் கிடைத்தது. அதற்கும் கிழக்கே கிடக்கிறது திருவேங்கடம் வட்டம். அவர்களுக்குப் பக்கத்துப் பெரிய ஊர் கோவில்பட்டி, ஆனால் அது தூத்துக்குடி மாவட்டம். தென்காசி ஆட்சியரைப் பார்க்க, அவர்கள் சங்கரன்கோவிலையும் தாண்டி மேற்கே மலையடிவாரம் வரை வர வேண்டும். திங்கட்கிழமைகளில் அவர்கள் இப்போதும் விடியுமுன்தான் பஸ் ஏறுகிறார்கள்.

(தொடரும்)