குரூட் கான்ஸ்டான்ஷியா

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உள்ள பழமையான திராட்சைப் பண்ணை. நன்னம்பிக்கை முனை (கேப்) குடியிருப்பின் தலைமை அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் 1685இல் இந்நிலம் வழங்கப்பட்டது.

1712இல் அவர் இறந்தபின் நிலம் பிரித்து விற்கப்பட்டது. அவரது மாளிகை இருந்த பகுதி படைத்தலைவர் ஓலோஃப் பெர்க் கைக்கு வந்தது. 1724இல் அவர் மறைந்ததும் மனைவி அன்னா டி கோனிங் உரிமையாளரானார். அன்னாவின் தாய் அஞ்செலா, வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, கேப்பில் விடுதலை பெற்றவர். அடிமைகளின் உழைப்பில் விளைந்த பண்ணைக்கு ஓர் அடிமைத் தாயின் மகள் உடைமையாளரானதே இந்தப் பண்ணை வரலாற்றின் மிக அரிய பக்கம். ஆனால் அன்னாவும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதை மறைக்க முடியாது.

1778இல் ஹென்ட்ரிக் குளோட்டே இதை வாங்கினார். சீர்கெட்டுக் கிடந்த தோட்டத்தைப் புதுப்பித்து, 1791இல் புதிய ஒயின் கிடங்கு கட்டினார். அதன் முகப்புச் சிற்பங்களைச் செதுக்கியவர் ஆன்டன் அன்ரைத். இங்கு உருவான இனிப்பு ஒயினை ஐரோப்பிய அரச குடும்பங்கள் தேடி வாங்கின. செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்கும் கான்ஸ்டான்ஷியா ஒயின் கப்பலில் சென்றது.

குளோட்டே குடும்பத்திடமிருந்து 1885இல் கேப் அரசு பண்ணையை வாங்கி, திராட்சை வளர்ப்பு ஆய்வுக்குப் பயன்படுத்தியது. 1925இல் மாளிகை தீக்கிரையாகி, பின்பு மீட்டெடுக்கப்பட்டது. 1993 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது; ஒயின் தயாரிப்பும் தொடர்கிறது.